பன்னெண்டு–பதிமூணு

மனைவியின் செல்போனை எடுத்துப் பார்த்தது விமல்ராஜ் செய்த முதல் தப்பு. பார்த்ததைப் பற்றி அவளிடம் வாயே திறக்காமல் இருந்தது இரண்டாவது தப்பு. மூன்றாவதை இந்த வெள்ளிக்கிழமை காலையில் செய்தான். அதைச் சொல்வதற்கு முன்னால், போன வாரத்தை விட்டுவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

விமல்ராஜ் காஞ்சிபுரத்தில் பட்டுத் தறிகளுக்கு ஜக்காடு அட்டை குத்துகிறவன். பட்டுப் புடவையின் பார்டரில் மயில் வர வேண்டுமானால், அது அவன் அட்டையில் போடும் ஓட்டைகளின் கணக்கில்தான் வந்தாக வேண்டும். அவன் மனைவி துர்கா, ஏனாத்தூரில் ஒரு கல்லூரியின் லேபில் வேலை பார்க்கிறாள். வீட்டில் இருப்பது ஒரே மோட்டார் சைக்கிள். அதை ஓட்டுகிறவள் அவள்தான். அவனுக்குக் கடை கூப்பிடு தூரம்.

அந்த மோட்டார் சைக்கிளில் டூல்ஸ் கிட்டு வைப்பதா வேண்டாமா என்பதுதான் ஒரு மாதமாக வீட்டில் சண்டை. சிரிக்காதீர்கள். இதைவிட அற்ப விஷயத்துக்கெல்லாம் பேச்சுவார்த்தை நின்ற வீடுகள் இருக்கின்றன.

"தெருவுக்குத் தெரு மெக்கானிக் கடை இருக்குது. எதுக்கும்மா அந்த இரும்பை வேற சுமந்துக்கினு போறே?" என்பான் அவன்.

"ஏரிக்கரையில எந்தத் தெருங்க இருக்குது?"

"பள்ளத்துல எறங்கினா லொடலொடன்னு சத்தம் வரும். எங்கனா நிறுத்தினா எவனாவது அடிச்சுக்கினு போயிடுவான்."

"போனா வேற வாங்கிக்கிறேன்."

"போன் இருக்குது இல்ல? வண்டி நின்னா என்னைக் கூப்பிடு. அவ்ளோதானே?"

இதற்கு மட்டும் துர்கா பதில் சொல்ல மாட்டாள். ஏனென்றால் ஒரு மாதத்துக்கு முன் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து வண்டி எங்கே நின்றாலும் அவள் அவனைத்தான் கூப்பிடுவாள். அவனும் போட்டது போட்டபடி கிளம்பி, மெக்கானிக் முருகேசனின் வண்டியிலேயே அவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பறப்பான். அவனுக்கு ஒரு நட்டைக்கூடக் கழற்றத் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் நின்று, முருகேசனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, வண்டி ரெடியானதும் துர்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதில் அவனுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பயணங்களில் அவள் கை அவன் தோளில் இருக்கும்.

போன மாதம் அவள் கூப்பிட்டபோது மட்டும், மெஷின் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வந்தவள் சொன்னாள்: "டேனியல் சார் அந்தப் பக்கமா வந்தாரு. வண்டி ரெடியாயிடுச்சு."

இரண்டு வாக்கியங்கள். இரண்டையும் சேர்த்துத் தைத்துக்கொண்டது விமல்ராஜ்தான்.

டேனியல் அவள் டிபார்ட்மென்ட்டில் புதிதாகச் சேர்ந்தவன். மறுநாளே அவள் கிட்டு ஒன்று வாங்கி வந்து வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். 'அவன் சொல்லிக் கொடுத்திருப்பான்' என்று விமல்ராஜ் நினைத்துக்கொண்டான். போன வாரம் அவள் குளிக்கப் போயிருந்தபோது செல்போனில் பார்த்தது எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டது.

டேனியல் அனுப்பியிருந்தான்: "12-13 எனக்கு வேணும் மேடம். மறந்துடாதீங்க."

துர்காவின் பதில்: "எடுத்து வெச்சிருக்கேன் சார்."

சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். வரப்போகும் பன்னிரண்டாம் தேதியும் பதிமூன்றாம் தேதியும் அவன் அட்டை வேலையாக ஆரணிக்குப் போகிற நாட்கள். அது துர்காவுக்குத் தெரியும். இப்போது டேனியலுக்கும் தெரிந்திருக்கிறது என்று முடிவு கட்டினான்.

*

வெள்ளிக்கிழமை துர்காவின் தம்பி குருவுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீடு தென்னேரி. வாலாஜாபாத்தில் இருக்கும் துர்காவின் பிறந்த வீட்டார் வேன் பிடித்து விடிந்ததுமே போய்விட்டார்கள். நிச்சயப் புடவை மட்டும் துர்காவிடம் இருந்தது. குஞ்சம் முடியக் கொடுத்த இடத்தில் அன்று காலையில்தான் கொடுத்தார்கள்.

மாப்பிள்ளையின் அக்கா கையால்தான் பெண்ணுக்கு அந்தப் புடவை போக வேண்டும். அதுவும் பத்தரை மணி ராகுகாலம் பிறப்பதற்குள். குருவுக்குக் கூடப் பிறந்த அக்கா துர்கா ஒருத்திதான். அந்தப் புடவையின் பார்டருக்கு அட்டை குத்தியவன் விமல்ராஜ். மாங்காய்க்குள் ஒரு குட்டி மயில். துர்காவுக்குப் பிடிக்கும் என்று மூன்று தடவை மாற்றிப் போட்டது.

"கிளம்பலாமாங்க?" என்றாள் துர்கா, சுடிதாரில். தன் புடவையைத் தென்னேரியில் போய்க் கட்டிக்கொள்வதாக ஏற்பாடு.

"அர்ஜென்ட்டா ஒரு அட்டை இருக்குது. நீ முன்னாடி போ. நான் பஸ்ல வரேன்."

"மச்சான் நிச்சயத்துக்குக்கூடவா?"

"வரேன்னு சொன்னேன் இல்ல?"

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலைக்குப் பூ வைத்துக்கொள்ள உள்ளே போனாள். அந்த இடைவெளியில்தான் விமல்ராஜ் தன் மூன்றாவது தப்பைச் செய்தான். பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த கிட்டை எடுத்துக்கொண்டு போய், கடையில் பழைய அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் சொருகிவிட்டான்.

வண்டி நிற்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொள்ளவில்லை. நின்றால் நன்றாக இருக்கும் என்றுதான் நினைத்தான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

*

"அண்ணா, போன்ல இன்னா படம் ஓடுது?"

கேட்டவள் சுகாசினி, அவன் தங்கை. கடையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள்.

"ஒண்ணும் இல்லியே."

"அப்போ ஏன் அதையே பாத்துக்கினு இருக்கே? இங்க பாரு, நீ ஓட்டையை எங்க போட்டிருக்கேன்னு. இப்படியே தறிக்குப் போச்சுன்னா மயிலுக்கு மூணு காலு வந்துடும்."

விமல்ராஜ் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டான். அண்ணி முகம் ஒரு வாரமாகச் சரியில்லை, என்ன விஷயம் என்று சுகாசினி கேட்க நினைத்த நேரத்தில் போன் அடித்தது. முதல் மணி முடிவதற்குள் அவன் எடுத்துவிட்டான்.

"வண்டி நின்னுடுச்சுங்க. செயின் கழண்டுக்கிச்சு. தென்னேரி ஏரிக்கரையில நிக்கிறேன்."

கூப்பிட்டுவிட்டாள்! அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்!

"கிட்டு..." என்று வாய் தவறி ஆரம்பித்துவிட்டான்.

"அதை ஏன் கேக்கறீங்க? பெட்டியைத் தொறந்து பாத்தா காலி. நீங்க சொன்ன மாதிரியே எவனோ அடிச்சுக்கினு போயிட்டான். நீங்க சொன்னதுதாங்க கரெக்ட்டு. நான்தான் கேக்கல."

விமல்ராஜ் பழைய அட்டைக் கட்டுகள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் பேசிக்கொண்டே போனாள்.

"குருவுக்கு போன் பண்ணா அவன் ஃப்ரெண்டு யாருனா பைக்ல வந்து கூப்பிட்டுக்கினு போயிடுவாங்க. பக்கம்தான். பண்ணட்டுங்களா?"

"வேணாம். வேற யாரையும் கூப்பிடாதே. நானே வரேன்."

"அவ்ளோ தூரத்துலேர்ந்தா? ராகுகாலம் பொறந்துடும்ங்க."

"அதுக்குள்ள வந்துடுவேன். நில்லு துர்கா. நான் வரேன்மா."

ஒரு மாதமாக அவள் இந்தக் குரலைக் கேட்கவில்லை. வண்டி நின்ற எரிச்சல், நேரமாகிற பதற்றம் எல்லாவற்றையும் தாண்டி அவளுக்கு மனசு இளகியது.

"சரிங்க. நிக்கிறேன்" என்றாள்.

முருகேசன் கடைக்கு ஓடினான். பூட்டியிருந்தது, குடும்பத்தோடு திருத்தணிக்குப் போயிருப்பதாக எதிர்க்கடையில் சொன்னார்கள். வேறு மெக்கானிக்கைத் தேட நேரமில்லை. திரும்ப ஓடி வந்து, அட்டைக் கட்டுக்குப் பின்னாலிருந்து கிட்டை உருவி ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டான். முருகேசனிடம் வாங்கி வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"சுகா, ஸ்கூட்டர் சாவி குடு."

"குடுக்கறேன். ஆனா அது எப்ப நிக்கும்னு எனக்கே தெரியாது. நின்னா ப்ளக்கைக் கழட்டித் துடைச்சாத்தான் கிளம்பும். எப்பவும் அண்ணிதான் துடைச்சுக் குடுப்பாங்க."

அவசரத்தில் இருக்கிறவன் காதில் இதெல்லாம் ஏறுமா? அவன் கிளம்பிவிட்டான்.

*

ஏரி நிறைந்து கிடந்தது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், நடுவில் துர்காவும் வண்டியும். அடிக்கடி போன் வந்துகொண்டே இருந்தது. அம்மா பேசினாள், மாமா பேசினார், கடைசியில் சத்யப்ரியா பேசினாள்.

சத்யப்ரியா பெரியப்பா மகள். துர்காவைவிட ஒரு வயசு பெரியவள். துர்காவின் மஞ்சள் நீராட்டுக்கே துர்காவைவிட நல்ல பாவாடை கட்டிக்கொண்டு வந்து நின்றவள்.

"எங்கடி இருக்கே? தட்டெல்லாம் அடுக்கியாச்சு. நேரமாவுது பாரு. நானும் அவனுக்கு அக்காதானே? நான் குடுத்துட்டா இன்னா?"

"வேணாம்க்கா. என் வீட்டுக்காரர் வந்துக்கினே இருக்காரு."

"சரி சரி. நான் சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிறவள் குரலில் அவ்வளவு குஷி இருக்காது என்பது துர்காவுக்குத் தெரியும். அவளுக்குக் காது மடல் சுட்டது. புடவைப் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

டிராக்டரில் வந்த ஒரு பெரியவர் நிறுத்தினார். "இன்னாம்மா, வண்டி மக்கர் பண்ணுதா? ஊருக்குள்ளதான் போறேன், வந்து குந்து."

அவள் ஒரு நிமிடம் தயங்கினாள். டிராக்டரில் ஏறியிருந்தால் இந்த அத்தியாயம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் வண்டி இருக்கிற இடத்தில் அவள் இல்லையென்றால், ஓடி வருகிற வீட்டுக்காரர் என்ன ஆவார்? அவ்வளவு ஆசையாக வருகிறேன் என்றாரே!

"வேணாம்ணே. என் வீட்டுக்காரர் வந்துக்கினு இருக்காரு" என்று சொன்னபோது அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

விமல்ராஜ் வந்த வழியில், வாலாஜாபாத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி போய், அடுத்து இன்னொரு ரயிலுக்காகவும் கேட்டைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். விமல்ராஜ் ஏரிக்கரையில் வந்து நின்றபோது பத்தரை ஆக ஐந்து நிமிடம்கூட இல்லை.

"சாவியைக் குடுங்க, நான் ஸ்கூட்டர்ல போறேன்" என்றாள் துர்கா. "நீங்க வண்டியைப் பாத்துக்கோங்க."

"ஒரு நிமிஷம் இரு. நான் செயினைப் போட்டுடறேன், சேர்ந்தே போலாம்."

"நேரம் இல்லீங்க!"

ஸ்கூட்டரின் முன் கொக்கியில் மஞ்சப்பை தொங்கிக்கொண்டிருந்தது. புடவைப் பையை மாட்டுவதற்காக அவள் அதைக் கழற்றினாள். கனமாக இருந்தது. உள்ளே இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது.

துர்கா பையைத் திறந்து பார்த்தாள்.

பழைய ரெக்ஸினில் அவளே அளவெடுத்துத் தைத்த உறை. ஓரத்தில் நீல நூல் தீர்ந்துபோய்ப் பச்சை நூலில் முடித்த தையல்கூட அப்படியே இருந்தது.

முருகேசன் கதை விமல்ராஜின் வாயிலேயே செத்துப்போனது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் மஞ்சப்பையைக் கொண்டுபோய் மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் மாட்டினாள். புடவைப் பையை ஸ்கூட்டரில் மாட்டினாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

*

தனியாக நின்றவன் வேறு என்ன செய்வான்? கிட்டைத் தரையில் விரித்தான்.

ஒரு மாதமாக அவன் திட்டித் தீர்த்த சாமானை அன்றுதான் முதல்முறையாகப் பிரித்துப் பார்த்தான். வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும், இரண்டு முனையிலும் இரண்டு அளவில் வாய் வைத்த ஒரு ஸ்பேனர். எதை எங்கே திரும்ப வைப்பது என்று குழப்பம் வரக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பையின் மேலும் மார்க்கர் பேனாவால் துர்கா அளவை எழுதியிருந்தாள்.

8-9. அதில் ஸ்பேனர் இருந்தது.

10-11. அதிலும் இருந்தது.

அடுத்த பை காலியாக இருந்தது. அதன் மேல் எழுதியிருந்ததை விமல்ராஜ் படித்தான். மறுபடியும் படித்தான்.

12-13.

ஒரு வாரமாக வெறித்துக்கொண்டிருந்த காலண்டர் ஞாபகத்துக்கு வந்தது. 'எடுத்து வெச்சிருக்கேன் சார்.' ஒரே ஒரு தடவை இந்தக் கிட்டைத் திறந்து பார்த்திருந்தால் போதும், அந்த மெசேஜைப் படித்துவிட்டுச் சிரித்திருப்பான். ஊரில் பைக் வைத்திருக்கும் எவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். அவன் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. பொறாமைக்காரனுக்குச் சந்தேகப்பட வெட்கமில்லை, கேட்கத்தான் வெட்கம்.

கீழே உட்கார்ந்து மற்ற ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகச் செயின் பக்கத்து நட்டில் வைத்துப் பார்த்தான். ஒன்று சின்னதாக இருந்தது. அடுத்தது லூசாக இருந்தது. பன்னெண்டுதான் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும்.

டேனியலின் நம்பரை அவன் போன வாரமே திருட்டுத்தனமாகத் தன் போனில் ஏற்றி வைத்திருந்தான். என்றாவது கூப்பிட்டுக் காது கிழியத் திட்டுவதற்காக. இப்போது அதே நம்பரை அழுத்தினான்.

"சார், நான் விமல்ராஜ் பேசறேன். துர்காவோட வீட்டுக்காரர். அந்தப் பன்னெண்டு-பதிமூணு உங்ககிட்ட இருக்குதுங்களா?"

*

டேனியலுக்கு அன்று மதியம்தான் டியூட்டி. அரை மணி நேரத்தில் வந்துவிட்டான். பார்க்க நன்றாகத்தான் இருந்தான், அதுதான் கொடுமை. நல்ல உயரம், சிரித்த முகம்.

"சாரி சார். என் வண்டி ஸ்பேனர் வாய் தேஞ்சு போச்சு, அதான் மேடம்கிட்ட வாங்கினேன். அன்னைக்கே திருப்பிக் குடுத்திருக்கணும்."

குந்தி உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தான். கை வேகமாகப் போகவில்லை. நட்டைத் தொடும்போதெல்லாம் உதட்டுக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"உங்களுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும் போல" என்றான் விமல்ராஜ். குரலில் இன்னும் கொஞ்சம் புளிப்பு மிச்சமிருந்தது.

"எனக்கா? நல்லா கேட்டீங்க. இதெல்லாம் மேடம் சொல்லிக் குடுத்தது."

"துர்காவா?"

"ஆமா சார். அன்னைக்கு ஏனாத்தூர் ரோட்டுல மேடம் வண்டி நின்னப்போ நான் அந்தப் பக்கமா வந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. என் சீட்டுக்கடியில இருந்த டூல்ஸை எடுத்துக் குடுத்தேன், அவ்ளோதான். அஞ்சு நிமிஷத்துல அவங்களே போட்டுட்டாங்க. இந்த ஸ்பேனர் இல்லாட்டியும் கட்டிங் பிளேயரை வெச்சே சமாளிச்சுடுவாங்க. அவங்க அப்பாவோட பம்ப்செட்டு, டிராக்டர் எல்லாம் சின்ன வயசுலேர்ந்தே கழட்டி மாட்டுவாங்களாமே. உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும்" என்று பொய் சொன்னான் விமல்ராஜ்.

டேனியல் மீது அவனுக்கு இருந்த ஒரு பொறாமை போய், வேறு ஒரு பொறாமை வந்து உட்கார்ந்தது. தன் மனைவியைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது. இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

செயின் ஏறிவிட்டது. டேனியல் பன்னெண்டு-பதிமூணைத் துடைத்து, அதன் பையில் சொருகி, கிட்டைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தான். "மேடம்கிட்ட தேங்க்ஸ் சொல்லிடுங்க சார்."

*

பெண் வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. விமல்ராஜைப் பார்த்ததும் குரு எழுந்து வந்தான்.

"வாங்க மாமா. ராகுகாலம் பொறக்கப் போற நேரம், அக்கா இன்னும் வரல. பெரியவங்க நிக்க மாட்டேன்னுட்டாங்க. பொண்ணோட அம்மாவுக்குன்னு எடுத்த பொடவையையே தட்டுல வெச்சு, சத்யாக்கா குடுத்துக்கினு இருக்கறப்போதான் அக்கா உள்ள வந்தாங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

சத்யப்ரியா புகைப்படக்காரருக்குப் பக்கத்தில் நின்று, தான் வந்த படங்களை எல்லாம் ஒரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துர்கா வீட்டின் பின்பக்கம் மோட்டார் ஷெட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். சுடிதாரைக்கூட மாற்றவில்லை. மடியில் அந்தப் புடவைப் பை. மாங்காய்க்குள் மயில் உள்ளேயே இருந்தது.

"துர்கா, நான் ஒரு மெசேஜைத் தப்பாப் படிச்சுட்டேன்மா" என்று ஆரம்பித்தான். காலண்டர், ஆரணி, டேனியல் எல்லாவற்றையும் கொட்டினான்.

"ஸ்பேனரு நம்பருங்க அது" என்றாள் கடைசியில்.

"இப்போ தெரியுது."

"வண்டி நிக்கணும்னு நெனச்சீங்களா?"

அவனால் பொய் சொல்ல முடியவில்லை. "நின்னா என்னைக் கூப்பிடுவேன்னு நெனச்சேன்."

"கூப்பிட்டேன் இல்ல?" துர்காவின் குரல் முதல்முறையாக உடைந்தது. "நாலு வருஷமா உங்களைத்தானே கூப்பிட்டேன்? எனக்குச் செயின் போடத் தெரியாதுன்னா நெனச்சீங்க? ப்ளக்கு துடைக்கத் தெரியாதா? நீங்க ஓடி வரது எனக்குப் புடிச்சிருந்துச்சு. அந்த முருகேசனைக் கூப்பிட்டுக்கினு, வேர்க்க விறுவிறுக்க வந்து நிப்பீங்களே, அதுக்காகவே ஸ்பேனரைத் தொடாம நின்னேன். ஒரு நாள் நீங்க எடுக்கல. சரி, எப்பவும் இப்படியே இருக்க முடியாதுன்னு கிட்டு வாங்கினேன். இதுல யாருங்க இன்னா தப்பு பண்ணாங்க?"

விமல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னைக்கும் நீங்க சொன்னீங்கன்னுதான் நின்னேன். ஒரு டிராக்டர் வந்துச்சு, ஏறல. என் தம்பிக்கு நான் ஒருத்திதாங்க அக்கா. அவ குடுக்கறதைக் கூடத்துல நின்னு பாத்தேன். வயிறு எரிஞ்சுது. உங்களுக்கு ஒரு மாசமா எரிஞ்சுதே, அதே மாதிரி. ஆனா நான் யாரு பெட்டியிலேர்ந்தும் எதையும் எடுக்கல."

எழுந்தாள். அவன் கையிலிருந்த கிட்டையும் மோட்டார் சைக்கிள் சாவியையும் வாங்கிக்கொண்டாள். ஸ்கூட்டர் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நான் அம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."

"எப்போ வருவே?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

*

சாப்பிடாமலேயே கிளம்பினான். ஏரிக்கரையில் காலையில் அவள் நின்ற இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பான். ஸ்கூட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. உதைத்து உதைத்துப் பார்த்தான். அது இருமக்கூட இல்லை.

'ப்ளக்கைக் கழட்டித் துடைச்சாத்தான் கிளம்பும்' என்று சுகாசினி சொன்னது இப்போதுதான் அவன் காதில் விழுந்தது. கழற்ற எதுவும் அவனிடம் இல்லை. இருந்தாலும் ப்ளக் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

போனை எடுத்தான். டேனியல் வருவான். குருவைக் கூப்பிட்டால் ஆள் அனுப்புவான். இரண்டு பெயரையும் பார்த்துவிட்டு, துர்காவின் பெயரை அழுத்தினான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று அவன் நினைத்தபோது அவள் எடுத்தாள். பின்னால் பந்தி இலை எடுக்கிற சத்தம் கேட்டது.

"துர்கா, ஸ்கூட்டர் நின்னுடுச்சும்மா."

மௌனம்.

"ஏரிக்கரையில நிக்கிறேன். நீ காலையில நின்ன எடத்துக்குக் கொஞ்சம் தள்ளி."

துர்கா நிதானமாகச் சொன்னாள்:

"வேற யாரையும் கூப்பிடாதீங்க."

அடுத்த வார்த்தைக்காகப் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றான். 'நானே வரேன்' என்று அவன் காலையில் சொன்னானே, அந்த வார்த்தைக்காக. அது வரவில்லை. அவள் போனை வைத்துவிட்டிருந்தாள்.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. காலையில் வந்த அதே டிராக்டர், இப்போது திரும்பி வாலாஜாபாத் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பெரியவர் நிறுத்தினார்.

"இன்னாப்பா, இன்னைக்கு இந்த எடமே சரியில்ல போல. நானும் வாலாஜாபாத்துக்குத்தான் போறேன். ஏறிக்கிறியா?"

விமல்ராஜ் தென்னேரிப் பக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்தான். கண்ணுக்கு எட்டிய வரை யாரும் வரவில்லை.

"வேணாம்ணே" என்றான். "என் வீட்டுக்காரம்மா வந்துக்கினு இருக்காங்க."